சீரியஸுக்கு மேலே ஒரு வார்த்தை

"அன்வெல்" போதாது என்று வல்லரசு சொல்லிவிட்டான்.

"அன்வெல்னா என்னன்னு கேக்காவ அத்தான். காய்ச்சலா, சளியான்னு கேக்காவ. ஒரு மாத்திரையப் போட்டுட்டுப் படுக்கச் சொல்லுன்னுட்டாவ."

பாண்டிச்செல்வம் செல்போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு முறை பார்த்தான். திரும்பக் காதில் வைத்தான்.

"யாரு, உங்க ஆபீசர் சாப்பா?"

"பொறவு? அவிய சரின்னாத்தான் எல்லாம்."

வல்லரசு, பாண்டிச்செல்வத்தின் மனைவி ஈஸ்வரிக்குத் தம்பி. வடக்கே எங்கோ பனிமலையில் ராணுவ வேலை. வருகிற வெள்ளிக்கிழமை அவனுக்கும் கான்சாபுரம் யுவராணிக்கும் நிச்சயதார்த்தம். பெண்ணின் அப்பா உக்கிரபாண்டி, ரிட்டயர்டு ஏட்டு. மாப்பிள்ளை நேரில் வந்து சபையில் உட்கார்ந்தால்தான் தட்டு மாற்றுவேன் என்று சொல்லிவிட்டார். வீடியோ காலில் காட்டலாமே என்றதற்கு, "இது நிச்சயமா, ஆன்லைன் கிளாஸா?" என்று கேட்டார். வெள்ளிக்கிழமை தவறினால் இந்த வருஷம் பேச்சே கிடையாது என்றும் சொன்னார்.

இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவன் பாண்டிச்செல்வம். "வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை உங்க ஜமுக்காளத்துல உக்காந்திருப்பான். அதுக்கு நான் பொறுப்பு" என்று கான்சாபுரத்தில் ஊரார் முன்னால் நெஞ்சைத் தட்டிவிட்டு வந்திருந்தான். தட்டிய பிறகுதான் வல்லரசுவுக்கு லீவே மிச்சமில்லை என்று தெரிந்தது. பொங்கலுக்கு வந்தான், பூக்குழிக்கு வந்தான், நண்பன் கல்யாணத்துக்கு வந்தான். தீர்ந்துவிட்டது.

இனி இருப்பது அவசர லீவு. அவசர லீவு வேண்டுமென்றால் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போக வேண்டும். பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பிய வீடுகளில் இது பழகிய காரியம்தான். அம்மாக்களும் கோபித்துக்கொள்வதில்லை. ஆனால் செய்தி ஆங்கிலத்தில் போக வேண்டும். அந்தக் குடும்பத்தில் ஆங்கிலம் என்றால் பாண்டிச்செல்வம். பி.ஏ. ஆங்கில இலக்கியம். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க். அவனுடைய ஆங்கிலம் அங்கே 'பிரசென்ட்', 'ஆப்சென்ட்', 'லேட்' என்ற மூன்றோடு முடிந்துவிடும்.

"சரிலே. வேற ஒன்னு போட்டு அனுப்புறேன்" என்று போனை வைத்தான்.

டைம் ஆபீஸில் பக்கத்து மேஜை கௌதம்ராஜ். அவனும் பி.ஏ. ஆங்கிலம்தான். 'சிக்', 'இல்', 'அன்வெல்' மூன்றையும் வைத்துக்கொண்டு காலையில் இருவரும் அரை மணி நேரம் பேசியிருந்தார்கள். 'சிக்' என்றால் வாந்தி எடுத்த மாதிரி இருக்கிறது, 'இல்' என்றால் பல நாள் படுக்கை மாதிரி இருக்கிறது, 'அன்வெல்'தான் மரியாதையாக இருக்கிறது என்று முடிவு செய்தவர்கள் இவர்கள்தான்.

"மரியாதை வேலைக்கு ஆகலை" என்றான் பாண்டிச்செல்வம். "மாத்திரை போடச் சொல்லிட்டானாம்."

"அப்ப நேரா சீரியஸுக்குப் போயிருவோம்."

"அது பெரிய பொய்யாச்சே. எங்க அத்தை இன்னைக்குக் காலையில கூட கிணத்துல தண்ணி எறைச்சிருக்கா."

"பொய்யில சின்னது பெருசு என்ன பாண்டி? அன்வெல்லும் பொய்தான?"

பாண்டிச்செல்வத்துக்கு அப்படித் தோன்றவில்லை. பொய்யும் சொல்ல வேண்டும், தேவைக்கு மேல் சொல்லவும் கூடாது. சரியான அளவில் ஒரு வார்த்தை இருக்கத்தான் வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மொழிக்கு எதற்கு இத்தனை வார்த்தைகள்? ஆனால் வெள்ளிக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. 'மதர் சீரியஸ், ஸ்டார்ட் இம்மீடியட்லி' என்று அனுப்பிவிட்டு, மில்லுக்கு வெளியே போய் ஒரு டீ குடித்தான்.

டீ ஆறுவதற்குள் வல்லரசு கூப்பிட்டான்.

"சிரிக்காவ அத்தான்."

"எதுக்கு?"

"சீரியஸ் இல்லாத அம்மா யாராச்சும் உண்டாங்காவ. தீபாவளி வந்தா பாதி பட்டாளத்துக்கு அம்மா சீரியஸ்தானாம். இதை ஒருத்தரும் நம்ப மாட்டாவளாம். இன்னும் பெருசா ஒன்னு வேணுமாம்."

"உங்க சாப் என்னலே, தமிழ்நாட்டுக்காரரா? எல்லாம் தெரிஞ்சு வச்சிருக்காரு."

வல்லரசு லேசாக இருமினான். "வெவரமானவிய அத்தான். ஏமாத்த முடியாது."

பாண்டிச்செல்வம் மேஜைக்குத் திரும்பினான். கௌதம்ராஜ் செல்போனில் ஆங்கில அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு தயாராக இருந்தான்.

"சிவியர்" என்றான்.

"அது வலிக்குத்தான் சொல்லுவாங்க. ஆளுக்குச் சொன்னா நல்லா இருக்காது."

"அக்யூட்?"

"அதுவும் வலிதான்."

"என்ன பாண்டி, உனக்கு லீவு வேணுமா, மார்க் வேணுமா?"

பாண்டிச்செல்வம் அகராதியை எட்டிப் பார்த்துவிட்டு, "டேஞ்சரஸ்னு போட்டா என்ன?" என்றான்.

"வத்து, வத்து! வேண்டாம்!" கௌதம்ராஜ் எழுந்தே விட்டான். பதறினால் அவனுக்கு வீட்டுத் தெலுங்குதான் வரும். "மதர் டேஞ்சரஸ்னு போட்டா அது உன் மாமியார் மேல புகார் குடுத்த மாதிரி ஆயிரும்."

"அதுல பொய்யே இல்லையே."

"லீவு தர மாட்டான். கூட ரெண்டு பேரை பாதுகாப்புக்கு அனுப்புவான்."

கடைசியில் 'கிரிட்டிக்கல்' என்று முடிவானது. அனுப்பும்போது பாண்டிச்செல்வத்தின் கட்டைவிரல் கொஞ்சம் தயங்கியது. மாமியார் வெள்ளத்தாய் அவனுக்குக் கெடுதல் ஒன்றும் செய்ததில்லை. தீபாவளிக்குத் தவறாமல் வேட்டி எடுத்துக் கொடுக்கிறவள்.

வல்லரசுவுக்கு இந்த வார்த்தை பிடித்துவிட்டது. "கிரிட்டிக்கல் நல்லா இருக்கு அத்தான். ஆனா அம்மா ஆஸ்பத்திரியில இருக்குற மாதிரி ஒரு போட்டோ வேணுமாம். வீட்ல இருந்துக்கிட்டு எப்படி கிரிட்டிக்கல்னு கேக்காவ."

அதிலும் ஒரு நியாயம் இருந்தது.

*

வெள்ளத்தாய்க்குச் சர்க்கரை பார்த்து நாளாகியிருந்தது. அந்தச் சாக்கில் மறுநாள் ஈஸ்வரி வ.புதுப்பட்டிக்குப் போய் அம்மாவை பஸ் ஏற்றி ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டி வந்தாள். பாண்டிச்செல்வம் அரை நாள் லீவு போட்டுவிட்டு ராஜபாளையத்திலிருந்து வந்தான். ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரி. ரத்தம் எடுக்க, சாப்பிட்டு எடுக்க, மறுபடி எடுக்க என்று ஒரு பொழுது அறையில் இருக்க வேண்டும். அறையில் கட்டில் இருந்தது. பாண்டிச்செல்வத்துக்குக் கட்டில்தான் வேண்டும்.

வெள்ளத்தாய் ஒரு கட்டைப்பை நிறையக் கத்திரிக்காயோடு வந்து இறங்கினாள்.

"இது எதுக்கு அத்தை?"

"வெறுங்கையோட எப்படி வாரது மாப்ள? அந்த நர்ஸம்மாவுக்கு."

நர்ஸ் ஹஃபீஸா கத்திரிக்காயை வாங்கி வைத்துக்கொண்டாள். ரத்தம் எடுத்தாள். "ஆச்சி, வெறும் வயித்துக்கு எடுத்தாச்சு. டாக்டர் இன்னொன்னும் பாக்கணுமாம். நான் சொல்ற வரைக்கும் ஒன்னும் சாப்பிடக் கூடாது" என்றாள்.

"பச்சத்தண்ணி?"

"தண்ணி மட்டும்."

"நான் காலையில இருந்து ஒன்னும் திங்கலையேம்மா."

"அதனாலதான் நல்லா வந்திருக்கு."

நர்ஸ் போனதும் பாண்டிச்செல்வம் கதவைச் சாத்தினான். மாமியாரைக் கட்டிலில் படுக்க வைத்து, கழுத்து வரை போர்வையை இழுத்துவிட்டு, செல்போனை எடுத்தான். செல்போனைக் கண்டதும் வெள்ளத்தாய் பற்கள் தெரியச் சிரித்தாள். யார் படம் எடுத்தாலும் அவள் சிரிப்பாள். கல்யாண வீடுகளில் பழகிய பழக்கம்.

"சிரிக்காதிய அத்தை."

"சரி மாப்ள" என்று சிரித்தாள்.

"அம்மா, சாகக் கெடக்கற மாதிரி மூஞ்சிய வையி" என்றாள் ஈஸ்வரி.

"எப்படிட்டி வைக்க? நான் இதுக்கு முன்ன செத்துப் பழக்கமில்லையே."

கண்ணை மூடச் சொன்னார்கள். மூடினாள். சிரிப்பு மட்டும் அப்படியே நின்றது. ஏதோ நல்ல கனவு காண்கிற மாதிரி இருந்தது. ஈஸ்வரி யோசித்து, "அம்மா, இந்த வருசம் நம்ம கத்திரிக்கா என்ன வெலைக்குப் போச்சு?" என்று கேட்டாள். வெள்ளத்தாயின் முகம் அப்படியே தொங்கிப் போனது. பாண்டிச்செல்வம் டக்கென்று எடுத்துவிட்டான்.

படம் போன கொஞ்ச நேரத்தில் வல்லரசு கூப்பிட்டான். குரலில் உற்சாகம் இருந்தது.

"படம் பிரமாதம் அத்தான். பாத்துட்டு அவியளே அசந்துட்டாவ."

"லீவு கெடைச்சிருச்சா?"

"இன்னும் ஒன்னே ஒன்னு பாக்கி. நம்ம சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்புல போடணுமாம்."

"எதுக்குலே?"

"ஒரு அம்மா கிரிட்டிக்கலா கெடந்தா ஊருக்குத் தெரியாம இருக்குமாங்காவ. குரூப்புல வந்தாத்தான் நம்புவாவளாம்."

பாண்டிச்செல்வத்துக்குப் பொறுமை போனது. "நான் வேணா உங்க சாப்கிட்ட நேரா பேசவா? இங்கிலீஷ்ல பேசிருதேன்."

"ஐயையோ, வேண்டாம் அத்தான்! அவிய முன்ன நம்ம இங்கிலீஷ் நிக்காது."

இது பாண்டிச்செல்வத்தின் பி.ஏ.வைக் கொஞ்சம் சீண்டியது. இருந்தாலும் வெள்ளிக்கிழமையை நினைத்துக்கொண்டான். 'வ.புதுப்பட்டி பங்காளிகள்' குரூப்பைத் திறந்தான். ஆங்கிலத்தில் போட்டால் பாதிப் பேருக்குப் புரியாது, புரிகிற மீதிப் பேர் வாட்ஸ்அப் பார்ப்பதில்லை என்று ஒரு கணக்குப் போட்டான். 'மதர்-இன்-லா கிரிட்டிக்கல்' என்று போட்டுவிட்டு ஆஸ்பத்திரிப் பெயரையும் சேர்த்தான்.

கணக்குத் தப்பு.

முதலில் கும்பிட்ட கைகள் வந்தன. பிறகு குரல் பதிவுகள் வந்தன. "கிரிட்டிக்கல் பெருசா, சீரியஸ் பெருசா?" என்று ஒரு சித்தப்பா கேட்டார். "சீரியஸ்தான் பெருசு, அதுதான் தந்தியிலயே வரும்" என்றது ஒரு குரல். "எங்க ஐயா போகும்போது சீரியஸ்னுதான் சொன்னாவ" என்றது இன்னொன்று. கடைசியில் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு மாமா தீர்ப்புச் சொன்னார்.

"சீரியஸ்னா கெளம்பி வரணும். கிரிட்டிக்கல்னா மாலை வாங்கிட்டு வரணும்."

அதன் பிறகு குரூப்பில் சத்தம் இல்லை. எல்லோரும் கிளம்பிவிட்டார்கள்.

*

குட்டியானை லோடு வண்டியில் பெண்கள் வந்தார்கள். பைக்கில் ஆண்கள் வந்தார்கள். மாலையும் வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் செருப்பு போட இடமில்லை. வரிசையில் முதலில் நின்றவள் வெள்ளத்தாயின் நாத்தனார் சுடலைமாடத்தி. சாவு வீட்டில் அவள் குரல் எடுத்தால் அடுத்த ஊருக்குக் கேட்கும்.

"மதினி எப்படி இருக்கா மாப்ள?"

பாண்டிச்செல்வம் வாயைத் திறந்தான். நல்லா இருக்காங்க என்று சொல்லலாம். சொன்னால் எல்லோரும் உள்ளே போய்ப் பார்ப்பார்கள். வல்லரசு கேட்ட லீவு காற்றில் போய்விடும். மோசமாக இருக்காங்க என்றும் சொல்ல முடியாது. மாலையைக் கழுத்தில் போட்டுவிடுவார்கள்.

"செத்த நேரம் பொறுங்க" என்று ஒதுங்கிப் போய் கௌதம்ராஜைக் கூப்பிட்டான்.

"இந்தா பாரு, எனக்கு ஒரு வார்த்தை வேணும். சொந்தக்காரங்க பயப்படக் கூடாது. சாப் சந்தேகப்படவும் கூடாது. கிரிட்டிக்கலுக்குக் கீழ, ஃபைனுக்கு மேல."

மறுமுனையில் அகராதி புரளும் நேரம் ஆனது.

"ஸ்டேபிள்" என்றான் கௌதம்ராஜ். "ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல. அப்படியே இருக்குன்னு அர்த்தம்."

பாண்டிச்செல்வத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இதுதான் அந்தச் சரியான அளவு. இவ்வளவு நேரமாகத் தேடிய வார்த்தை. குரூப்பில் 'நவ் ஸ்டேபிள்' என்று போட்டான்.

வராந்தாவில் நின்றவர்களின் செல்போன்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் குரல் கொடுத்தன. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். பட்டாளத்து மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஸ்டேபிளா!" என்றாள் சுடலைமாடத்தி. "ஐயோ மதினி!"

"சின்னம்மா, ஸ்டேபிள்னா நல்லது..."

"எங்களுக்குத் தெரியாதா மாப்ள? டிவில பாத்ததில்லையா? பெரிய பெரிய தலைவருக ஆஸ்பத்திரில கெடக்கும்போதெல்லாம் ஸ்டேபிள், ஸ்டேபிள்னுதான் சொன்னாவ. மறுநா பஸ் ஓடுச்சா? கடை தெறந்துச்சா?"

"போலீஸெல்லாம் வந்து நின்னாவளே" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"தேறிட்டான்னு சொன்னாக் கூட நம்பலாம். ஸ்டேபிள்னா முடிஞ்சுது" என்று பட்டாளத்து மாமா முடித்தார். பந்தலுக்குச் சொல்ல யாரோ ஊருக்குப் போன் போட்டார்கள்.

சுடலைமாடத்தி குரல் எடுத்தாள். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். ஹஃபீஸா ஓடி வந்து, "அம்மா, அவுக செக்கப்புக்கு வந்திருக்காக! ஒன்னும் இல்ல!" என்று கத்திப் பார்த்தாள்.

"நர்ஸம்மாவுக்கு அப்படித்தான் சொல்லச் சொல்லிக் குடுத்திருப்பாவ. பாவம்" என்று அவளையும் கட்டிப் பிடித்து அழுதார்கள்.

அறைக்குள் வெள்ளத்தாய் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஒப்பாரிச் சத்தம் கேட்டதும் சட்டென்று எழுந்தாள். முந்தானையை இடுப்பில் செருகினாள். எத்தனை சாவு வீடு பார்த்தவள்! கால் தானாக வாசலுக்குப் போனது.

"ஏட்டி ஈஸ்வரி, யாரு செத்தது? எந்திரி, ஒரு எட்டு போயிட்டு வருவோம்."

"நீதாம்மா. பேசாமப் படு."

வெள்ளத்தாய் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். வெளியே சுடலைமாடத்தியின் பாட்டைக் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டாள். அவளுடைய உழைப்பு, கைமணம், கறிக்குழம்பு எல்லாம் பாட்டில் வந்துகொண்டிருந்தது.

"இந்தச் சிறுக்கி, உசிரோட இருக்கும்போது ஒரு நாளாவது என் கொழம்பை நல்லா இருக்குன்னு சொல்லியிருப்பாளா?" என்றாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பேசாமல் படுத்துக்கொண்டாள். இன்னும் என்னென்ன சொல்கிறாள் என்று கேட்க வேண்டும்.

பால் ஊற்ற வேண்டும் என்றார்கள். கடைசி நேரத்தில் உறவுகள் ஒவ்வொருவராக வாயில் ஒரு சொட்டுப் பால் விட வேண்டும். தடுக்கப் போன பாண்டிச்செல்வத்தை, "மருமகன் தாங்க மாட்டேங்கான்" என்று இரண்டு பேர் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். முதல் ஆள் ஒரு சங்கு பால் விட்டார். இரண்டாவது ஆள் விட்டார். வெள்ளத்தாய் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதவள். மூன்றாவதாக வந்த சுடலைமாடத்தியின் கையிலிருந்த செம்பையே போர்வைக்குள்ளிருந்து ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது. மடக் மடக் என்று சத்தம் கேட்டது. செம்பு காலியாகத் திரும்பி வந்தது.

"சீனி கம்மி" என்றது போர்வை.

"அணையிறதுக்கு முன்ன இப்படித்தான் இருக்கும்" என்று பட்டாளத்து மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பால் குடுத்தீங்களா? போச்சு, டெஸ்ட் போச்சு!" என்று ஹஃபீஸா தலையில் கை வைத்தாள். அதைப் பார்த்ததும் மற்றவர்கள் இன்னும் சத்தமாக அழுதார்கள்.

பாண்டிச்செல்வம் வெளியே வந்து வல்லரசுவைக் கூப்பிட்டான். லைன் பிஸி. திரும்பக் கூப்பிட்டான். பிஸி. மொட்டை வெயிலில் ஆஸ்பத்திரி வாசலில் நின்று யோசித்தான். அன்வெல் என்றால் மாத்திரை போடச் சொல்கிறார்கள். சீரியஸ் என்றால் சிரிக்கிறார்கள். கிரிட்டிக்கல் என்றால் மாலை வாங்குகிறார்கள். ஸ்டேபிள் என்றால் பந்தல் போடுகிறார்கள். கல்லூரியில் இதை யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்த அன்று ஒருவேளை அவன் ஆப்சென்ட்டாக இருந்திருக்கலாம்.

அப்போதுதான் புல்லட் சத்தம் கேட்டது. செய்தி கான்சாபுரம் வரை போயிருந்தது. உக்கிரபாண்டி. பின்னால் யுவராணி.

*

உக்கிரபாண்டி வண்டியை நிறுத்தியதும் அழுகை தானாக ஒரு படி இறங்கியது. வேலையை விட்டு வந்த பிறகும் அவரைக் கண்டால் கூட்டம் ஒதுங்கும். நேராக அறைக்குப் போனார். யுவராணி வாசலோடு நின்றுகொண்டாள். பாண்டிச்செல்வம் பின்னாலேயே ஓடினான்.

இனிப் பொய் வேண்டாம் என்று அந்த ஐந்தாறு அடிக்குள் முடிவு செய்திருந்தான். மாப்பிள்ளை வராவிட்டால் காலில் விழுந்தாவது சமாளிக்கலாம். மாமியாரே செத்துப் போனால் நிச்சயமே இருக்காது.

"மாமா, அத்தை நல்லா இருக்காங்க மாமா. ஃபைன். பெர்ஃபெக்ட்லி ஃபைன்."

உக்கிரபாண்டி நின்று அவனை மேலும் கீழும் பார்த்தார். பார்வையில் இரக்கம் இருந்தது.

"தம்பி, நான் ஸ்டேஷன்ல எம்புட்டுப் பேரைப் பாத்திருக்கேன். வீட்டுக்காரன் வேர்த்து விறுவிறுத்து வந்து, நல்லா இருக்காரு, நல்லா இருக்காருன்னு சொன்னாம்னா, அங்க என்ன நடந்திருக்கும்னு எனக்குத் தெரியும். மனசத் தேத்திக்கோ."

கட்டில் பக்கம் போய்க் குனிந்தார்.

"தங்கச்சி, நான் கான்சாபுரத்து அண்ணன் வந்திருக்கேன்."

வெள்ளத்தாய்க்கு அந்தப் பால் பசியைக் கிளறி விட்டிருந்தது. கண்ணைத் திறக்காமலே, மிகவும் சன்னமாக, "சோறு" என்றாள்.

"என்னம்மா?"

"சோறு... கறிக்கொழம்பு..."

உக்கிரபாண்டி நிமிர்ந்தார். மீசை துடித்தது. "கடைசி ஆசை. கேட்டியளா? மகன் நிச்சயத்துச் சாப்பாட்டைப் பாத்துட்டுப் போகணும்னு நெனைக்கா, மகராசி."

"இல்ல மாமா, நெசமாவே பசிதான்..." என்றாள் ஈஸ்வரி.

"நீ அழாத தாயி."

அவள் அழவே இல்லை.

அறைக்கு வெளியே வந்து, எல்லோரும் கேட்கும்படி உக்கிரபாண்டி சொன்னார்: "வெள்ளிக்கிழமை கெடையாது. இப்படி ஒரு உசிரு இழுத்துக்கிட்டுக் கெடக்கும்போது என் வீட்ல மேளம் அடிக்கப் படாது. நாளைக்கே ஒன்னு ஆச்சுன்னா ஒரு வருசம் துக்கம். ஆகலைன்னாலும் இந்த வருசம் இந்தப் பேச்சு வேண்டாம். தம்பி, சமையக்காரனுக்கு வேண்டாம்னு சொல்லிரு."

"மாமா, நான் உங்க ஊர்ல வச்சு வாக்குக் குடுத்திருக்கேன்..."

"வாக்கு கெடக்குதுப்பா. சாவுக்கு முன்ன யாரு வாக்கு நிக்கும்?" உக்கிரபாண்டி துண்டை உதறித் தோளில் போட்டார். "எல்லாம் கூடி வந்திருக்குன்னு நெனச்சேன். எம் மகளும் போலீஸ் வேலைக்கு ஆர்டர் வந்திருக்கு, ஒரு வருசம் ட்ரெய்னிங் போணும்னு ஒத்தக் கால்ல நின்னுக்கிட்டு இருந்தா. கல்யாணம் முடியட்டும், அதெல்லாம் பொறவுன்னு சொல்லி வச்சிருந்தேன். இனி வீட்ல சும்மா உக்கார வச்சு என்ன செய்ய? போயிட்டு வரட்டும்."

கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வண்டியை எடுக்கப் போனார்.

பாண்டிச்செல்வம் சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டான். ஜமுக்காளம் போனது. வெள்ளிக்கிழமை போனது. ஈஸ்வரி முகத்தில் இனி எப்படி விழிப்பது என்று தெரியவில்லை. உள்ளே வெள்ளத்தாய் கத்திரிக்காயையாவது வேக வைத்துத் தரும்படி ஹஃபீஸாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

யுவராணி அவனைத் தாண்டிப் போனவள், இரண்டு அடி போய்த் திரும்பி வந்தாள்.

"அண்ணே, எந்திரிங்க. எல்லாரும் பாக்காவ."

"மன்னிச்சிரும்மா" என்றான் பாண்டிச்செல்வம். "அன்வெல்ல இருந்து ஸ்டேபிள் வரைக்கும் எனக்குத் தெரிஞ்சது எல்லாத்தையும் போட்டுப் பாத்துட்டேன். எதுக்குமே மசியலை. அந்த சாப்புக்கு அப்படி என்ன கல்நெஞ்சோ!"

வாசலில் புல்லட் உறுமியது. யுவராணி அந்தப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, குனிந்து மெதுவாகச் சொன்னாள்.

"அங்க சாப்னு யாரும் இல்லண்ணே, நான் ட்ரெய்னிங் போக எங்கப்பாவை ஒரு வருசம் நிறுத்தி வைக்க சீரியஸெல்லாம் பத்தாது, இன்னும் பெருசா வாங்குங்கன்னு ஒவ்வொரு தடவையும் உங்க மச்சினன்ட்டச் சொன்னது நான்தான்."